புது பைக் பாலிசியில் இரண்டு தேதி இருக்கும், பாருங்கள்

புது பைக் சாவியை வாங்கும்போதே பாலிசித் தாளில் 'ஓன் டேமேஜ்' என்று போட்டிருக்கும் பகுதி எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்னால் போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு தேர்டு பார்ட்டி காப்பீடு (நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) 5 வருடம் கட்டாயம். தாளில் அந்த 5 வருடத்தைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் 5 வருடம் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் திருட்டுக்கும் நம் வண்டியின் சேதத்துக்கும் பணம் தருவது ஓன் டேமேஜ் மட்டுமே, அது பெரும்பாலும் 1 வருடத்தில் முடிந்துவிடும். அந்தப் பகுதியை மட்டும் தனியாக, வேறு கம்பெனியிலும் புதுப்பிக்கலாம், நாலு இடத்தில் விலை கேட்டு வாங்கினால் காசு மிச்சம். முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் நோ கிளெய்ம் போனஸும், அதாவது கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியும், கையைவிட்டுப் போகாது, முதல் வருடத்துக்கே 20 சதவீதம்.

அப்புறம் இரண்டாவது சாவி. அதே வளையத்தில் மாட்டாதீர்கள், வீட்டு பீரோவில் இருக்கட்டும். வண்டி திருட்டுப்போனால் காப்பீட்டு கம்பெனியில் இரண்டு சாவியையும் கேட்பார்கள்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வண்டியைத் திண்ணையோரம் நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஓடாத வண்டியும் திருட்டுப்போகும். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய வண்டி என்றால் பாலிசியில் போடும் மதிப்பே குறைவு, அதற்கு தேர்டு பார்ட்டி மட்டும் போதும்.