பூனைக்கு ஆபரேஷன்: முந்தின ராத்திரியைத் தாண்டுவது எப்படி

மனசில் இருக்கும் பயத்தை டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். ரத்தப் பரிசோதனை உண்டா, மயக்கத்தில் இருக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள், எப்போது போன் செய்வார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுப் பூனை மீனாவுக்குக் கருத்தடை ஆபரேஷன் என்றபோது, பாதிக் கலக்கம் அந்தத் தாளிலேயே இறங்கிவிட்டது எனக்கு.

முந்தின ராத்திரிதான் கஷ்டம். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்; அதற்குத்தான் பட்டினி. எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர் சொல்லட்டும், குட்டிகளுக்கு நேரம் குறைவு. பசியில் பூனை நம் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தும். மனசு இளகக் கூடாது. கிண்ணத்தைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். பூனையைத் தூக்கிப் போகும் கூடையைச் சில நாள் முன்பே கூடத்தில் திறந்து வைத்து, நீங்கள் உடுத்திய பழைய நைட்டியை உள்ளே விரியுங்கள். ஆட்டோவில் மேலே ஒரு துண்டைப் போர்த்தினால் ஹார்ன் சத்தத்துக்கு அவ்வளவாக மிரளாது.

வீடு திரும்பியதும் தள்ளாடும். அது மருந்தின் வேலை. கட்டில் வேண்டாம், தரையில் கம்பளி விரித்துப் படுக்க வையுங்கள். வலிக்குமே என்று நம் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். தையல் போட்ட இடம் வீங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ, மறுநாளும் சாப்பிடாமல் கிடந்தாலோ உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள்.