அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் சிடிஇ பாடங்கள்: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

உயர்நிலைப் பள்ளிக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவம் வந்ததும் நம் பெற்றோரின் கண் முதலில் போவது ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) எனும் கல்லூரித் தரப் பாடங்களின் வரிசைக்குத்தான். கணக்கில் எந்த நிலை, அறிவியலில் எது, மொத்தம் எத்தனை ஏபி என்று வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவு வரை பேச்சு ஓடும். தொழில்சார் கல்வியான கரியர் அண்ட் டெக்னிக்கல் எஜுகேஷன், சுருக்கமாக சிடிஇ, என்று தலைப்பிட்ட பக்கங்களை மட்டும் சும்மா புரட்டிவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு பீரியடை நிரப்ப ஏதோ ஒன்றை டிக் அடித்து அனுப்பிவிடுவோம். ஏபிக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இந்தப் பக்கங்களுக்குக் காட்டினாலே கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை நடக்காது.

பத்தாவதில் மார்க் குறைந்தால் ஐடிஐ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கணக்கை இங்கே போட்டால் விடை தப்பாக வரும். 1917-இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தின் மூலம் விவசாயம், பட்டறைத் தொழில், மனையியல் கற்பிக்க மத்திய அரசு பணம் தரத் தொடங்கியபோது, நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கான தனிப் பாதையாகத்தான் அது இருந்தது. 1984-இல் வந்து, கடைசியாக 2018-இல் புதுப்பிக்கப்பட்ட பெர்கின்ஸ் சட்டத்தின் கீழ் இன்று நிதி பெறும் பாடங்களில் பயோடெக்னாலஜி, சைபர் செக்யூரிட்டி, பொறியியல் வடிவமைப்பு, மருத்துவத் துறை, கணக்கியல் எல்லாம் உண்டு. இவற்றைப் படித்துவிட்டு நான்கு வருடப் பட்டப்படிப்புக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, பட்டறைப் பாடங்களாவது சுலபமா? வெல்டிங் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரும்புத் தகடுகளைப் பற்றவைத்து, அந்த இணைப்பின் குறுக்கே ஒரு பட்டையை அறுத்தெடுத்து, அதை அழுத்தி ‘ப’ வடிவில் வளைப்பார்கள். உள்ளே எங்காவது சரியாக உருகிச் சேராமல் இருந்தால், வளைந்த பக்கத்தில் வாய் பிளந்துவிடும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கட்டுமானத் தரவிதிப்படி 3 மில்லிமீட்டரைத் தாண்டிய விரிசல் ஒன்று தெரிந்தாலே தோல்வி. ஆசிரியரிடம் போய் அரை மார்க்குக்குக் கெஞ்ச வழியே இல்லாத தேர்வு அது. மார்க்குக்காகவே படித்துப் பழகிய பிள்ளைகள் ஒரு முறையாவது இப்படி ஒன்றைச் சந்திப்பது நல்லது என்பது என் எண்ணம்.

ஒன்பதில் ஒன்று, பத்தில் வேறொன்று

அடுத்த தவறு, இவற்றைத் தனித்தனிப் பாடமாகப் பார்ப்பது. ஒன்பதாம் வகுப்பில் போட்டோகிராபி, பத்தில் சமையற்கலை, பதினொன்றில் மார்க்கெட்டிங் என்று பொறுக்கினால் பொழுது நன்றாகப் போகும். ஆனால் எதிலும் அடிப்படையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். சிடிஇ என்பது படிப்படியாக ஏறும் வரிசை. ஒரே பாடத்திட்டத்தில் குறைந்தது இரண்டு பாடங்களை முடித்தவரைத்தான் பெர்கின்ஸ் சட்டம் ‘கான்சன்ட்ரேட்டர்’ என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சான்றிதழ்த் தேர்வு, மருத்துவமனைப் பயிற்சி, இன்டர்ன்ஷிப் போன்ற நல்ல விஷயங்கள் பெரும்பாலும் வரிசையின் கடைசிப் பாடத்தில்தான் இருக்கும். பதினொன்றாம் வகுப்பில் விழித்துக்கொண்டால் அதுவரை ஏற நேரம் இருக்காது.

துறைகளின் பட்டியலைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். நாடு முழுவதும் பயன்படும் வகைப்பாட்டில் நெடுங்காலம் 16 துறைத் தொகுதிகள் இருந்தன. 2024-இல் அதை 14 ஆக மாற்றியமைத்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே நாளில் இது மாறிவிடாது என்பதால், உங்கள் பள்ளிக் கையேட்டில் ஒரு எண்ணும் மாநில இணையதளத்தில் இன்னொன்றும் இருக்கலாம். தொகுதியின் பெயரை விட, முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை என்னென்ன வருகிறது, அதில் எதெல்லாம் உங்கள் பள்ளியில் நிஜமாகவே நடக்கிறது என்பதே முக்கியம். கையேட்டில் அச்சாகியிருந்தும், போதிய பிள்ளைகள் சேரவில்லை, ஆசிரியர் கிடைக்கவில்லை என்று நடக்காமல் போகும் பாடங்களும் உண்டு.

இதோடு ஒட்டி வருவது அட்டவணைச் சிக்கல். பல பள்ளி மாவட்டங்களில் வரிசையின் மேல்படிப் பாடங்கள் தனியாக ஒரு கரியர் சென்டரில், அதாவது பல பள்ளிகளுக்குப் பொதுவான பயிற்சி மையத்தில், நடக்கும். பள்ளிப் பேருந்தில் போய்த் திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டு மூன்று பீரியட் போய்விடும். ஏபி பிசிக்ஸ் சி, ஆர்க்கெஸ்ட்ரா போன்றவை பல பள்ளிகளில் நாளுக்கு ஒரே ஒரு பீரியட்தான் நடக்கும். இரண்டும் மோதினால் ஏதாவது ஒன்றை விட்டே ஆக வேண்டும். நான்கு வருட அட்டவணையை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தால் எந்த வருடம் எது இடிக்கும் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே தெரிந்துவிடும்.

கல்லூரி கிரெடிட் என்ற மயக்கம்

‘இந்தப் பாடம் எடுத்தால் கல்லூரி கிரெடிட் கிடைக்கும்’ என்ற வரியைப் பார்த்ததும் நம் ஆட்கள் மயங்கிவிடுவார்கள். அது எந்த வகைக் கிரெடிட் என்று கேட்பவர்கள் குறைவு. இதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

ஒன்று டூயல் என்ரோல்மென்ட். பள்ளியில் படிக்கும்போதே பிள்ளை ஒரு கம்யூனிட்டி கல்லூரியிலும் (உள்ளூர் ஈராண்டுக் கல்லூரி) மாணவராகப் பதிவாகிறார். மதிப்பெண் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேடு) ஏறும். ஏறியது ஏறியதுதான். பதினாறு வயதில் விளையாட்டுப் போக்கில் வாங்கிய சி, பாதியில் விலகியதற்கான டபிள்யூ, எல்லாம் அங்கே நிரந்தரமாக இருக்கும். பிள்ளையை டாக்டராக்க நினைக்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவக் கல்லூரிகளுக்கான ஏஎம்சிஏஎஸ் விண்ணப்பத்தில், உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போது எடுத்த கல்லூரிப் பாடங்களையும் காட்ட வேண்டும். அவையும் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கில் சேரும்.

இன்னொன்று ஆர்ட்டிகுலேட்டட் கிரெடிட். இது பள்ளிக்கும் ஒரு குறிப்பிட்ட கல்லூரிக்கும் இடையிலான ஒப்பந்தம். பள்ளியில் பி வாங்கினால், நாளை எங்களிடம் வந்து சேரும்போது இந்தப் பாடத்துக்கு விலக்கு தருகிறோம் என்பது போன்ற ஏற்பாடு. பிள்ளை வேறு மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் அது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடும். சில ஒப்பந்தங்களுக்குக் காலக்கெடுவும் உண்டு. டூயல் என்ரோல்மென்ட் பாடங்களும் போகிற கல்லூரியில் எல்லாம் அப்படியே செல்லும் என்று சொல்ல முடியாது. ஏதோ ஒரு எலெக்டிவாக (விருப்பப் பாடமாக) ஏற்றுக்கொண்டு, பட்டத்துக்குத் தேவையான பாடத்தைத் திரும்பவும் படிக்கச் சொல்லும் இடங்கள் உண்டு.

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். யூசி எனும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர, ஏ முதல் ஜி வரை எழுத்திட்ட பாடப் பிரிவுகளில் 15 ஓராண்டுப் பாடங்கள் வேண்டும். சிடிஇ பாடங்கள் பலவற்றுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. பக்கத்துப் பள்ளியில் அதே பெயருள்ள பாடத்துக்கு இருந்தால் உங்கள் பள்ளியிலும் இருக்கும் என்று அர்த்தமில்லை. பள்ளிவாரியான பட்டியலை யூசி இணையத்தில் வைத்திருக்கிறது, ஐந்து நிமிட வேலை.

சான்றிதழ் கையில், ஆனால் எதற்கு?

சான்றிதழ்களை அடுக்குவதில் ஒரு மோகம் இருக்கிறது. பணியிடப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான ஓஷாவின் ‘ஓஷா 10’ அட்டையையே பெரிய தகுதியாக ரெஸ்யூமேவில் போடுகிறார்கள். அது பணியிடப் பாதுகாப்பு பற்றிய பத்து மணி நேர அறிமுகப் பயிற்சி. அதைச் சான்றிதழாகக் கருத வேண்டாம் என்று ஓஷாவே சொல்கிறது. கட்டுமானத் தளத்தில் கால் வைக்க உதவும், மற்றபடி அதற்கு அவ்வளவுதான் மதிப்பு. கணினி பராமரிப்பு, தொழில்நுட்ப உதவி வேலைகளுக்கான காம்ப்டியா அமைப்பின் ஏ பிளஸ் சான்றிதழ் அப்படியல்ல. இரண்டு தேர்வுகள் கொண்டது, வேலை தருபவர்கள் கேட்பது. ஆனால் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். பத்தாம் வகுப்பு முடியும்போது வாங்கி வைத்தால் கல்லூரி முதலாண்டு முடியும் நேரத்தில் செத்துவிடும். அவசரப்படாமல் பன்னிரண்டில் எழுதுவது மேல்.

நர்சிங் உதவியாளருக்கான சிஎன்ஏ, நம் பிள்ளைகள் அதிகம் நாடும் ஒன்று. மத்திய விதிப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, அதில் 16 மணி நேரம் மேற்பார்வையில் செய்முறை. பல மாநிலங்கள் இதைவிட அதிகம் கேட்கின்றன. செய்முறைத் தேர்வில், படுக்கையில் இருப்பவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றச் சொல்வார்கள். இடுப்புப் பட்டை கட்டுவது, கால் தரையில் படுகிறதா என்று பார்ப்பது எல்லாம் அழகாகச் செய்துவிட்டு, அவரை எழுப்பும் முன் சக்கரத்தின் பிரேக்கைப் போட மறந்தால் அந்தப் பகுதியில் தோல்வி. இத்தனையும் தாண்டி மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு, தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு அந்த வேலை செய்யாவிட்டால் பழையபடி பயிற்சியோ தேர்வோ முடிக்க வேண்டும். கல்லூரி விண்ணப்பத்துக்காக மட்டும் வாங்கினால் இதுதான் நடக்கும்.

எச்-4 பிள்ளைகள்

பள்ளிக் கவுன்சிலருக்கு இது பெரும்பாலும் தோன்றாது, நாம்தான் யோசிக்க வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளை படிக்கலாம், வேலை செய்யக் கூடாது. எச்-4 இஏடி (வேலை அனுமதி அட்டை) என்று கேள்விப்படுவது குறிப்பிட்ட சில எச்-1பி ஊழியர்களின் கணவன் அல்லது மனைவிக்கு மட்டும், பிள்ளைகளுக்குக் கிடையாது. கிரீன் கார்டின் கடைசிக் கட்டமான ஐ-485 போட்டு, அதன் வழியே இஏடி வாங்கியிருந்தால் கதை வேறு.

ஆகவே சம்பளத்தோடு வரும் யூத் அப்ரென்டிஸ்ஷிப்பில் (மாணவர் தொழில் பழகுநர் பயிற்சி) முடியும் ஒரு பாட வரிசையில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவம் நீட்டப்படும்போது முழிப்பது வேதனை. சம்பளம் வேண்டாம், சும்மா செய்கிறேன் என்றாலும் தப்பித்துவிட முடியாது. வழக்கமாகக் கூலி கொடுத்துச் செய்ய வைக்கும் வேலையை இலவசமாகச் செய்வதும் பிரச்சினையாகலாம். பாடத்தின் ஒரு பகுதியாகப் பள்ளி நடத்தும் பயிற்சி வேறு, கம்பெனியில் போய் வேலை பார்ப்பது வேறு. எது எந்தப் பக்கம் விழும் என்று சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் அல்ல. தேர்வுப் பதிவுக்கோ பின்னணிச் சோதனைக்கோ சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்களா என்பதையும் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கும் வயது வரம்பு உண்டு. 18 வயதுக்குக் கீழ் கூரை வேலை, மின்விசை ரம்பம் போன்ற ஆபத்தான வேலைகளுக்கு மத்திய அரசு தடை வைத்திருக்கிறது. பள்ளியும் முதலாளியும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டால் 16 வயது நிரம்பிய மாணவப் பயிற்சியாளருக்குச் சிலவற்றில் விலக்கு உண்டு.

அப்புறம், கடைசி நேரத்தில் ஓடுவது. கரியர் சென்டரில் இடங்கள் குறைவு. பல இடங்களில் தனி விண்ணப்பம், வருகைப் பதிவு, சில சமயம் நேர்காணல் வரை உண்டு. பாடத் தேர்வுப் படிவம் குளிர்காலத்தில் கைக்கு வரும் வரை காத்திருந்தால் பிள்ளையின் பெயர் காத்திருப்போர் பட்டியலில்தான் போய் நிற்கும். ஓப்பன் ஹவுஸ் பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்துவிடும். அங்கே கவுன்சிலரிடம் பேசுவதை விட அந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியரைப் பிடித்து, போன வருடம் வரிசையைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் கடைசிப் பாடம் வரை வந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழ்த் தேர்வு எழுதித் தேறினார்கள், அதற்கான கட்டணத்தைப் பள்ளி கட்டுகிறதா என்று கேளுங்கள். நன்றாக நடத்தும் ஆசிரியருக்கு இந்த எண்கள் விரல் நுனியில் இருக்கும்.