நாற்பது விண்ணப்பங்களுக்குப் பிறகு திருத்திய தன்விவரம்

காரைக்குடியில் வணிகவியல் படித்து, ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை ஒன்றில் மூன்று ஆண்டுகள் கணக்கெழுதிய நான், சென்னை நிறுவனங்களுக்கு அனுப்பிய நாற்பது விண்ணப்பங்களில் ஒன்றுக்குக்கூடப் பதில் வரவில்லை. ஒருநாள் என் தன்விவரத்தின் பிடிஎஃப் கோப்பிலிருந்த எழுத்துகளை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். அழகுக்காக நான் இரண்டு நெடுவரிசைகளாகப் பிரித்திருந்த அட்டவணை குலைந்து, பணியின் பெயரோடு பள்ளி மதிப்பெண் ஒட்டிக்கொண்டு நின்றது; விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளும் அதை அப்படித்தானே படித்திருக்கும்!

அட்டவணையை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே நெடுவரிசையாக மேலிருந்து கீழாக அமைத்தேன். மதம், பொழுதுபோக்கு, உறுதிமொழி ஆகியவற்றை எடுத்துவிட்டேன்.

கடினமாக இருந்தது வாக்கியங்களைத் திருத்துவதுதான். கடையின் பணப்பெட்டியருகே இருந்து எழுதும் பெட்டியடிக் கணக்கில் பழகிய எங்கள் ஐயா என் தன்விவரத்தைப் படித்துவிட்டு, "தொகை இல்லாத வரியைப் பேரேட்டில் எழுதுவோமா, அப்பு?" என்று கேட்டார். "கணக்குகளைப் பராமரித்தேன்" என்றிருந்ததை, "மாதம் 200 விற்பனைப் பட்டியல்களை டேலியில் பதிந்து, ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தேன்" என்று மாற்றினேன் (டேலி கணக்கெழுதும் மென்பொருள்; ஜிஎஸ்டிஆர்-1 விற்பனை விவரங்களைக் காட்டும் ஜிஎஸ்டி படிவம்). விளம்பரத்தில் கேட்டிருந்த திறன்களில் எனக்குத் தெரிந்தவற்றை மட்டும் அதே சொற்களில் சேர்த்தேன்.

அடுத்து அனுப்பிய ஆறில் இரண்டு நிறுவனங்கள் நேர்காணலுக்கு அழைத்தன.