சுஷி சாப்பிடக் கும்பலாகப் போகும்போது சொதப்பும் இடங்கள்

காசிமேட்டு மீன் தின்று வளர்ந்த நமக்கு ஜப்பானியச் சாப்பாடான சுஷி விற்கும் கடையில் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. மீனைப் பற்றி நமக்குத் தெரியாதது என்ன இருக்கு என்ற நினைப்புதான் அது. செவுளைத் தூக்கிப் பார்த்தே நேற்றைய மீனா இன்றைய மீனா என்று சொல்லிவிடுவோம், சரி, ஆனால் அது குழம்புக்கும் வறுவலுக்கும் உதவுகிற அறிவு. அதே கெத்தோடு வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டைப் பக்கம் போய் உட்கார்ந்தால் பாதி சொதப்பல் அங்கேயே ஆரம்பம்.

முதலில் பச்சை மீன் பயம். “நான் பச்சையா சாப்பிட மாட்டேன்பா” என்று சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு நண்பரை விட்டுவிட்டுப் போகிறார்கள், அது அநியாயம். சுஷியில் கட்டாயம் இருப்பது வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த சோறுதான். கூட வருவது வெந்த இறாலாக இருக்கலாம், சுட்ட விலாங்காக இருக்கலாம், முட்டையோ வெள்ளரிக்காயோகூட இருக்கலாம். சோறே இல்லாமல் வெறும் பச்சை மீன் துண்டுகள் வந்தால் அது சஷிமி, அதை முதல் நாளே ஆர்டர் பண்ண வேண்டாம். வெந்தது, பொரித்தது என்று இரண்டு ரோல் (கடற்பாசித் தாளில் சோற்றோடு சுற்றி வெட்டியது), ருசி பார்க்க ஒரு தட்டு சால்மன் நிகிரி (சோற்றுப் பிடியின் மேல் மீன் துண்டு வைத்தது), அவ்வளவு போதும். பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸான அத்தோ சாப்பிட்டுப் பழகிய வாய்க்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

அடுத்தது தட்டு ஓரத்தில் வரும் அந்தப் பச்சை உருண்டை, வசாபி என்ற கார விழுது. காரமே இல்லையே என்று வசாபியைத் துவையல் மாதிரி வழித்து வாயில் போடும் ஆள் எல்லாக் கும்பலிலும் ஒருவர் இருப்பார். மிளகாய்க் காரம் நாக்கில் நிற்கும், இது ஆவியாகி மூக்கு வழியாக நெற்றிக்கு ஏறும், கண்ணில் தண்ணீர் கொட்டும், கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும். கடுகில் இருக்கும் அதே காரப் பொருள்தான் இதிலும். பெரும்பாலான கடைகளில் வருவது அசல் வசாபியே இல்லை, ஹார்ஸ்ரேடிஷ் என்ற கிழங்கையும் கடுகையும் சேர்த்துப் பச்சை நிறம் ஏற்றியது. கடலைப் பருப்பு அளவு எடுத்தால் போதும்.

சோயா சாஸைச் சாம்பார் போல ஊற்றாதீர்கள். கிண்ணத்தில் கொஞ்சமாக விட்டு, நிகிரியைக் கவிழ்த்து மீன் பக்கத்தை மட்டும் லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும். சோற்றுப் பக்கம் நனைந்தால் உப்புக் கரிக்கும், அதோடு கையிலேயே உதிர்ந்து கிண்ணத்தில் சோறு மிதக்கும். கையாலா என்று யோசிக்காதீர்கள், நிகிரியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவது ஜப்பானிலேயே உள்ள வழக்கம்தான். சாப்ஸ்டிக் குச்சியைப் பிடித்தே தீருவேன் என்றால் இரண்டு மட்டும்: சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தாதீர்கள், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குச் சாப்பாட்டை வாங்காதீர்கள். இரண்டுமே அங்கே சாவுச் சடங்கோடு சேர்ந்தவை. இஞ்சி ஊறுகாய், ஒரு வகை முடிந்து அடுத்ததற்குப் போகும் முன் வாயைச் சுத்தம் பண்ண. மேலே வைத்துச் சாப்பிட அல்ல.

சைவ நண்பருக்கு வெள்ளரி ரோலோடு மிசோ என்ற சோயா விழுது சூப்பும் சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அந்த சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் சூரை வகைக் கருவாட்டில் எடுத்தது. கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பிரியாணிக்குப் போகிற பசியோடு போனால் பர்ஸ் காலி. ரோல் என்றால் பொதுவாக 6 அல்லது 8 துண்டு, நிகிரி ஒரு தட்டுக்கு பெரும்பாலும் 2. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லாமல் சுற்றுச் சுற்றாகச் சொன்னால் எது யாருக்குப் பிடிக்கிறது என்று தெரியும், மிஞ்சாது. மிஞ்சிய பச்சை மீனைப் பார்சல் கட்டி மே மாத வெயிலில் தண்டையார்பேட்டைக்குக் கொண்டுவரும் யோசனையே வேண்டாம்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, ருசி பிடித்துப் போய் அடுத்த ஞாயிறு காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி வீட்டில் சஷிமி போடுவது. இப்போதுதான் போட்டிலிருந்து இறங்கியது என்பதால் மீனுக்குள் இருக்கும் புழு ஓடிவிடாது. பச்சையாகத் தின்னும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், இல்லை மைனஸ் 35-ல் கட்டியாக உறைய வைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ. வீட்டு ஃப்ரீசரை நம்பி அதைச் செய்ய முடியாது. இன்னொன்று, வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி எல்லாம் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும், உறைய வைத்தாலும் வேகவைத்தாலும் அது போகாது. ஜப்பான்காரர்களே புழுவுக்குப் பயந்து சால்மனைப் பச்சையாகத் தொடாமல்தான் இருந்தார்கள். 1980-களில் நார்வே தன் பண்ணை சால்மனைக் கொண்டுபோய் அங்கே விற்க இறங்கிய பிறகுதான் அது சுஷிக்குள்ளேயே வந்தது.

வீட்டில் செய்தே ஆக வேண்டுமென்றால் காசிமேட்டு இறாலை நன்றாக வேகவைத்து, வெள்ளரியோடு சுற்றிப் பாருங்கள். பாஸ்மதி மட்டும் வேண்டாம், ஒட்டவே ஒட்டாது.