கொஸ்டிக் சோடாவைக் கரைத்தால் தண்ணீர் ஏன் சுடுகிறது? அளந்தே பார்க்கலாம்

உயர்தர இரசாயனவியல் மாணவர்களுக்கும் வீட்டில் சவர்க்காரம் செய்யப் பழகுபவர்களுக்கும் இது பயன்படும்.

வேண்டியவை: கொஸ்டிக் சோடா (சோடியம் ஐதரொட்சைட்டு) 10 கிராம், தண்ணீர் 200 மில்லிலீற்றர், தடித்த ரெஜிபோம் (வெண்ணுரைப் பிளாஸ்டிக்) கோப்பை, வெப்பமானி, 0.1 கிராம் காட்டும் தராசு, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. ஒரு கிராம் பிசகினாலே விடை பத்து வீதம் மாறும்; சமையலறைத் தராசு சரிவராது. கண்ணாடி முகவையும் வேண்டாம், சூட்டை அதுவே எடுத்துக்கொள்ளும். அலுமினியம் கிட்டவே வரக்கூடாது: சோடா அதை அரித்து ஐதரசன் வாயுவை வெளிவிடும்.

1. தண்ணீரை ஊற்றி வெப்பநிலையைக் குறியுங்கள்.

2. சோடாவை நிறுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். கொழும்பின் ஈரக்காற்றில் சோடா மணிகள் சில நிமிடங்களில் பளபளத்து ஒட்டத் தொடங்கும். அப்போது நீங்கள் நிறுப்பதில் தண்ணீரும் சேர்ந்திருக்கும். வரவேண்டிய சூட்டில் ஒரு பங்கும் காற்றிலேயே போயிருக்கும். தராசைச் சுழியமாக்கிய பிறகே போத்தலைத் திறந்து, நிறுத்தவுடன் இறுக மூடுங்கள்.

3. சோடாவைத் தண்ணீரில் போட்டு, பிளாஸ்டிக் கோலால் விடாமல் கலக்குங்கள். விட்டால் அடியில் பாறையாக இறுகும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது: அந்தச் சிறிதளவு நீர் கொதித்துத் தெறிக்கும். மேலில் பட்டால் வினாகிரி தேடாமல், ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள்.

4. உச்ச வெப்பநிலையைக் குறியுங்கள். ஏறத்தாழ 12 பாகை ஏறும்.

கரைசலின் மொத்த நிறை 210 கிராம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.2 யூல் வேண்டும்; கரைசலுக்கும் அதையே எடுத்தால் 210 × 4.2 × 12 = 10,584 யூல். சோடாவில் 40 கிராம் ஒரு மூல் என்பதால், 10 கிராம் என்பது 0.25 மூல். ஆகவே மூலுக்கு 42 கிலோயூல். ஏற்கப்பட்ட பெறுமானம் சுமார் 44.5 கிலோயூல்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? திண்மத்திலேயே சோடியம் அயனும் ஐதரொட்சைட்டு அயனும் (மின்னேற்றமுள்ள துணிக்கைகள்) இருக்கின்றன. அவற்றைப் பிரிக்கச் சக்தி செலவாகும். பிரிந்த அயன்களை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடிக்கும்போது அதைவிடக் கூடுதலான சக்தி வெளியேறும். அந்த மிச்சம்தான் சூடு. கறியுப்பில் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம் என்பதால் தண்ணீர் சற்றுக் குளிரவே செய்கிறது.

சோடா ஒரு வன்மூலம் (வலிமையான காரம்) என்பதாலேயே சூடு வருவதாக எண்ண வேண்டாம். எட்டு நீர் மூலக்கூறுகளைக் கொண்ட பேரியம் ஐதரொட்சைட்டுப் பளிங்கும் வன்மூலம்தான். ஏற்கெனவே நீர் பிடித்திருப்பதால் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது.

பின்சேர்க்கை: 12 பாகைக்கு நன்றாகக் குறைந்தால் சோடாவைச் சந்தேகியுங்கள். கட்டிபட்ட பழைய சோடாவில் ஒரு பகுதி காற்றின் காபனீரொட்சைட்டால் சோடியம் காபனேற்றாகியிருக்கும். சவர்க்காரத்துக்கும் அதைப் பாவிக்க வேண்டாம், அளவு பிழைக்கும்.