கரண்ட் குட்டி யானையில் லோடு அடிப்பது: யூனிட், பாரம், வாடகைக் கணக்கு

ஷோரூமில் சொல்லும் கிலோமீட்டரை வைத்து டிரிப் பிடித்தால் முதல் வாரமே வண்டி நடுவழியில் நிற்கும். 2022-ல் வந்த டாடா ஏஸ் இ.வி.க்கு ஒரு சார்ஜில் 154 கிலோமீட்டர் என்றார்கள். 2024-ல் வந்த ஒரு டன் மாடலுக்கு 161. இரண்டிலும் பேட்டரி 21.3 கிலோவாட் மணி, அதாவது 21.3 யூனிட்தான். அந்தக் கிலோமீட்டர் சோதனைக் கூடத்தில் எடுத்தது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று, வண்டியை ஆன் செய்தபடியே தெருத்தெருவாக டெலிவரி போடும்போது அது வராது. ஆகவே கிலோமீட்டரை விட்டுவிட்டு யூனிட்டை எண்ணப் பழகுங்கள். இங்கே ஏஸ் இ.வி.யை வைத்துச் சொல்லியிருக்கிறோம். மஹிந்திரா ஜியோ போன்ற அதே அளவு வண்டிகளுக்கும் கணக்கு போடும் முறை இதுதான், உங்கள் பேட்டரி அளவை மட்டும் மாற்றிப் போடுங்கள்.

உங்கள் வண்டி எவ்வளவு குடிக்கிறது?

முழு சார்ஜில் காலையில் கிளம்பும்போது ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான லோடு, வழக்கமான ரூட். சாயங்காலம் எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். 78 கிலோமீட்டர் ஓடி 62 சதவீதம் இறங்கியிருந்தால், 21.3-ல் 62 சதவீதம் 13.2 யூனிட். அதை 78-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 0.17 யூனிட். நல்ல லோடு இருக்கும் நாள், பாதி லோடு நாள், பைபாஸில் ஓடும் நாள் என்று தனித்தனியாக எடுத்து டேஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். பைபாஸில் தொடர்ந்து 60-ல் போகும்போது, அதுவும் உயரமான கன்டெய்னர் பாடி என்றால், காற்றைத் தள்ளவே கரண்ட் போகும். திறந்த பாடிக்கும் கன்டெய்னருக்கும் ஒரே எண்ணை வைத்துக்கொள்ள முடியாது.

பேட்டரியில் 80 சதவீதத்தைத்தான் செலவுக்கு எடுக்க வேண்டும். 21.3-ல் அது 17 யூனிட். கிலோமீட்டருக்கு 0.17 என்றால் நூறு கிலோமீட்டர், அதுதான் நீங்கள் வாக்குக் கொடுக்கக்கூடிய தூரம். கடைசி 20 சதவீதத்தை ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. இந்த வண்டிகளில் வருவது எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி. அதன் வோல்டேஜ் மேலிருந்து கீழே வரை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்பதால், மிச்சம் எவ்வளவு என்பதை மீட்டரால் துல்லியமாகப் பிடிக்க முடியாது. 18 காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 9 ஆகலாம். சார்ஜ் கீழே போனால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். லோடோடு மேம்பாலம் ஏறும்போது அது நடந்தால் பின்னால் ஹாரன்தான்.

மலை ரூட் தனிக் கணக்கு. லோடோடு சேர்த்து இரண்டு டன் எடையை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 0.54 யூனிட் வேண்டும், மோட்டார் இழப்பையும் சேர்த்தால் 0.6-க்கு மேல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏற்றம் ஏறக்குறைய 1,400 மீட்டர். ஏற்றத்துக்கே எட்டரை ஒன்பது யூனிட், ரோட்டில் உருள்வதற்கு இன்னொரு மூன்று. பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. இறங்கும்போது பிரேக்கிலிருந்து கொஞ்சம் திரும்பி ஏறும்தான், ஆனால் மேலே இருக்கும்போது முழுசாக சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால் அதுவும் ஏறாது. நிறைந்த பேட்டரியில் கரண்ட் போக இடமில்லை, மோட்டார் பிடிக்காது, மொத்தப் பாரமும் கால் பிரேக்கில் விழும். மலையில் 80-க்கு மேல் ஏற்றாமல் இறங்குங்கள்.

பாரம்

டீசல் வண்டியில் ஓவர்லோடு ஏற்றினால் என்ஜின் முனகிக் காட்டிக்கொடுக்கும். இதில் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுப்பதால் சத்தமே இல்லாமல் இழுத்துவிடும். அதை நம்பி ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். அடி விழுவது வேறு இடங்களில்: கமான் பட்டை உட்காரும், பின் டயர் ஓரம் தேயும், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நீளும், மோட்டாரும், அதற்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலரும் சூடாகி வண்டி வேகத்தை அடக்கும்.

ஆர்.சி.யில் மொத்த எடை, காலி எடை இரண்டும் இருக்கும். கழித்து வருவதில் நீங்கள் பிறகு கட்டிய கூண்டு, தார்ப்பாய்க் கம்பி, கூட வரும் லோடுமேன் எல்லாம் அடக்கம். 600 கிலோ வண்டி என்றால் கையில் கிடைப்பது 500 சொச்சம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ சிமென்ட் மூட்டை பத்து. 25 கிலோ அரிசி மூட்டை இருபது. 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று 21 கிலோ பக்கம் வரும், அதில் 24. வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைந்தது 30 கிலோவை ஒட்டி இருக்கும். எம்-சாண்ட் பக்கம் போகவே வேண்டாம், ஒரு யூனிட் மணல் (கரண்ட் யூனிட் அல்ல, 100 கன அடி) நாலு டன்னுக்கு மேல். சந்தேகம் வந்தால் எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது மலிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் ஓவர்லோடுக்கு ₹20,000, கூடுதல் டன் ஒன்றுக்கு ₹2,000, அதோடு இறக்கும் கூலியும் உங்கள் தலையில். பாடிக்கு வெளியே கம்பியோ பைப்போ நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் தனியாக ₹20,000 என்று சட்டத்தில் இருக்கிறது. 20 அடி பைப்பை ஏழடி பாடியில் கட்டும் வாடகையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கனமான சரக்கு கேபின் பக்கச் சுவரை ஒட்டி, கீழே. பின் கதவோரம் கனத்தை வைத்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். கடைசியில் இறக்கும் சரக்கை முதலில் ஏற்றுவது எல்லோருக்கும் தெரியும். இந்த வண்டியில் இன்னொன்றும் உண்டு: கனமான டிராப்பை ரூட்டின் தொடக்கத்தில் வைத்தால் மிச்ச தூரம் லேசாக ஓடும், யூனிட் மிச்சமாகும். இரண்டும் மோதினால் கனத்தைக் கேபின் பக்கமே வைத்து முதலில் இறக்குங்கள், ஏற்றும்போது அதை எடுக்க ஒரு ஓரத்தில் வழி விட்டால் போதும்.

பாடியில் கூடுதல் கொக்கியோ ஷெல்ஃபோ வைக்க லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அடியில் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் உயிரை எடுக்கும் வோல்டேஜ். ஒரு டிரில் தவறினால் ஆளுக்கும் ஆபத்து, வாரன்ட்டியும் போகும். வெல்டிங்கும் அப்படியே, அதன் கரண்ட் சேசிஸ் வழியாகப் போய் எலக்ட்ரானிக்ஸைச் சுட்டுவிடும்.

ஷெட்டில் சார்ஜ் பாயின்ட்

தொழிலில் காசு நிற்பதும் நிற்காததும் இங்கேதான். சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட் போல ஏறும், முழுசாக நிறைய ஏழு மணி நேரம். அத்தனை நேரமும் 13, 14 ஆம்ப் விடாமல் ஓடும். அயர்ன் பாக்ஸுக்கும் கிரைண்டருக்கும் போட்ட பழைய ஒயரிங் இதைத் தாங்காது. எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது:

- மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். தாமிர ஒயர்
- 20 ஆம்ப் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிப்பது), 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிப்பது)
- நல்ல கம்பெனி 16 ஆம்ப் சாக்கெட், மழை படாத பெட்டியில்
- சரியான எர்த்திங்

எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி ஏற மறுக்கும். சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து அந்த விளக்கை அணைத்துவிடுவார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் வண்டி பாடி முழுக்க கரண்ட் பாயும், ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுகிறவர் கதி என்ன? அந்த வேலை செய்தால் அவரை மாற்றுங்கள்.

சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது. கேபிளில் இருக்கும் பெட்டி பிளக்கில் தொங்கிக்கொண்டிருந்தால் சீக்கிரம் தளரும், சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மின்வாரியத்தில் உங்கள் அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பார்த்து, போதாவிட்டால் ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் வாடகை வண்டிக்கு சார்ஜ் போடலாமா, தனி இணைப்பு வேண்டுமா என்பதையும் பிரிவு அலுவலகத்தில் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறையாவது 100 வரை ஏற்றி, பிளக்கைப் பிடுங்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள். எல்.எஃப்.பி. பேட்டரியில் செல்கள் சமநிலைக்கு வருவதும் சதவீத மீட்டர் சரியாவதும் அப்போதுதான். எப்போதும் பாதியிலேயே பிடுங்கிப் பிடுங்கி ஓட்டினால் மீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

நாளை எப்படிப் பிரிப்பது

கோயம்பேட்டில் நள்ளிரவு தாண்டி லோடு ஏற்றி விடியற்காலைக்குள் கடைகளில் இறக்குகிற காய்கறி வண்டி பகலில் சும்மா நிற்கும். அதற்குப் பகல் சார்ஜ். கேன் தண்ணீர், பார்சல் டெலிவரி வண்டிக்கு இரவு சார்ஜ். இரண்டுக்கும் ஒத்துவராதது "இன்னும் ஒரு டிரிப்" ஆசை. அதற்கு மதிய இடைவெளியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் குடோனில் ஒரு 15 ஆம்ப் பாயின்ட் கிடைத்து இரண்டு மணி நேரம் போட்டால் ஆறு யூனிட், அதாவது 35 கிலோமீட்டர். வாடிக்கையாக லோடு எடுக்கும் குடோன்காரரிடம் யூனிட்டுக்குக் காசு கொடுத்துப் பேசி வைப்பது, சார்ஜிங் பங்க் தேடி அலைவதைவிட லாபம்.

வெளி ஃபாஸ்ட் சார்ஜரில் 10-லிருந்து 80 வரை ஏற ஒன்றே முக்கால் மணி நேரம். கன்னில் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் இந்தச் சின்னப் பேட்டரி தன்னால் வாங்க முடிந்ததைத்தான் வாங்கும், அவசரப்படுத்த முடியாது. 80-க்கு மேல் இன்னும் மெதுவாகும். அங்கேயே நின்று 100 ஆக்க நினைப்பது நேரத்துக்கு நஷ்டம், வரிசையில் நிற்கிறவருக்கும் எரிச்சல்.

ஓட்டும்போது

தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள், வண்டி தானாக வேகம் குறைந்து கரண்டைத் திருப்பி வாங்கும். கடைசி நேரத்தில் அழுத்திப் பிடித்தால் அது சூடாகப் போய்விடும். டயர் காத்து வாரம் ஒருமுறை, கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்கு. காத்து இறங்கினால் முதலில் குறைவது கிலோமீட்டர்தான்.

சரிவில் நிறுத்தி லோடு இறக்கும்போது டீசல் வண்டிப் பழக்கம் ஆபத்து. கியரில் விட்டு நிறுத்தினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும் என்பது இங்கே கிடையாது, அணைத்த மோட்டார் சும்மா சுழலும். ஹேண்ட் பிரேக்கோடு பின் சக்கரத்துக்கு ஒரு கட்டை, எப்போதும். சந்தையில் ரிவர்ஸ் எடுக்கும்போது லோடுமேன் பின்னால் நிற்கட்டும், சத்தம் இல்லாததால் யாரும் நகர மாட்டார்கள்.

வாடகை பேசும் முன்

பேட்டரிக்குள் போகும் 17 யூனிட்டுக்குச் சுவரிலிருந்து 19, 20 யூனிட் இழுக்கும், மிச்சம் சூடாகப் போவது. ஆக மீட்டர் கணக்கில் கிலோமீட்டருக்கு 0.2 யூனிட். யூனிட் ₹10 என்றால் கிலோமீட்டருக்கு ₹2. டீசல் லிட்டர் ₹92, வண்டி 18 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால் ₹5-க்கு மேல். மூன்று ரூபாய் மிச்சம், தினம் 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள்: ₹6,000. இதே வண்டியை யூனிட் ₹20 கொடுத்து வெளியிலேயே சார்ஜ் போட்டால் கிலோமீட்டருக்கு ₹4, மிச்சம் ஒரு ரூபாய்தான், காத்திருந்த நேரம் கணக்கில் வராமலே. ஷெட்டில் சொந்த பாயின்ட் இல்லாதவர் இந்த வண்டி வாங்குவதை ஒத்திப்போடலாம். டீசல் வண்டியைவிட எவ்வளவு இ.எம்.ஐ. கூடுகிறது என்பதை இந்த மிச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மிச்சமும் பாதிதான்.

பேப்பர் விஷயம் சுலபம். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து வாடகை வண்டிக்கு. மத்திய அரசின் 2018 அக்டோபர் அறிவிக்கையால் பேட்டரி வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. ஆனால் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் விலக்கு கிடையாது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

மழையிலும், நின்றுவிட்டாலும்

மழையில் சார்ஜ் போடலாம், பிளக் நனையாமல் இருந்தால் போதும். சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் இறக்காதீர்கள். நிறுத்திய வண்டி பேட்டரி மட்டத்துக்கு மூழ்கியிருந்தால், வடிந்த பிறகும் ஆன் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது. சர்வீஸ்காரர் பார்க்கும் வரை மற்ற வண்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள். அடிப்பக்கத்தைப் பிரஷர் வாஷ் செய்யும்போது கனெக்டர் பக்கம் துப்பாக்கியை நீட்டாதீர்கள்.

மெயின் பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி விழிக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது 12 வோல்ட் சின்ன பேட்டரியை. பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சை இழுப்பது அதுதான். ஆம்பிளிஃபயர், கூடுதல் ஹாரன், கலர் லைட் என்று அதில் ஏற்றினால் ஒருநாள் காலையில் இப்படித்தான் நிற்கும். அது சரியாக இருந்தும் விழிக்காவிட்டால் ஆரஞ்சுக் கேபிளைத் தொடாமல் கம்பெனி ஹெல்ப்லைன். வண்டியை எடுத்துப்போக கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். பின் சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுற்றிக் கரண்டை உண்டாக்கும், கன்ட்ரோலர் போய்விடும். நாலு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டி வேண்டும் என்று கூப்பிடும்போதே சொல்லுங்கள். லோடை இறக்கிய பிறகுதான் ஏற்றுவார்கள், அதனால் சரக்கை மாற்ற இன்னொரு வண்டிக்கும் அப்போதே போன் போட்டுவிடுங்கள்.