ரெசிடென்சி விண்ணப்பத்தில் அந்த ஒரு பக்கம்

எம்பிபிஎஸ் முடித்து, ரெசிடென்சி என்ற மேற்பயிற்சிக்காக அமெரிக்கா வந்தவர்கள் ஸ்டெப் எனப்படும் மருத்துவ உரிமத் தேர்வுகளோடு மல்லுக்கட்டுவதிலேயே, விண்ணப்பத்தில் தங்களைப் பற்றி எழுத வேண்டிய பெர்சனல் ஸ்டேட்மென்டை மறந்துவிடுகிறார்கள். செப்டம்பர் கடைசியில் புரோகிராம்கள், அதாவது பயிற்சி தரும் மருத்துவமனைகள், விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஜூலையிலேயே எழுத உட்காருங்கள். விண்ணப்பத்தை அனுப்பும் ஈராஸ் (ERAS) தளத்தில் 28,000 எழுத்து வரை இடம் உண்டு. அதற்காக நீட்டி முழக்க வேண்டாம், ஒரு பக்கம் போதும்.

"சிறுவயதிலிருந்தே சேவை செய்ய ஆசை" என்று தொடங்காதீர்கள். ஆசை இல்லாமலா இத்தனை வருடம் படித்தீர்கள்? நீங்கள் பார்த்த ஒரு நோயாளியைச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, இதயச் செயலிழப்போடு திரும்பத் திரும்ப அட்மிட் ஆகிறவர். விசாரித்தால், நீர் மாத்திரை போட்டால் பஸ்ஸில் அடக்க முடியவில்லை என்று காலை மாத்திரையையே நிறுத்தியிருக்கிறார். சீனியரிடம் பேசி, வேலை விட்டு வந்தபின் போடும்படி நேரத்தை மாற்றினீர்கள். இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ஏன் பிடிக்கும் என்று அப்புறம் தனியாக விளக்கவே வேண்டாம். நோயாளியின் பெயரும் அடையாளமும் மட்டும் வரக்கூடாது.

படிப்பு முடித்துச் சில வருடம் ஆகிவிட்டதா, ஸ்டெப்பில் ஒருமுறை தவறியதா? இரண்டு வரியில் நேராகச் சொல்லிவிட்டு, அந்த இடைவெளியில் மருத்துவத்தோடு தொடர்பு விடாமல் என்ன செய்தீர்கள் என்பதற்குப் போய்விடுங்கள். புலம்பல் வேண்டாம். மறைத்தாலும் சிவியில் தேதிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்க டாக்டர் வேலை செய்வதை உடனிருந்து பார்க்கும் அப்சர்வர்ஷிப் விஷயத்தில் கவனம். அங்கே நீங்கள் பார்வையாளர்தான். "சிகிச்சை அளித்தேன்" என்று எழுதினால், இன்டர்வியூவில் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பார்த்ததைப் பார்த்ததாகவே எழுதுங்கள். டாக்டர் குடும்பத்தாரிடம் கெட்ட செய்தி சொன்ன விதம், மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசிய விதம் எல்லாம் எழுத வேண்டிய விஷயம்தான்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளிலிருந்து ஒரு வரிகூட எடுக்காதீர்கள். காப்பி அடித்ததாகப் புகார் போனால் ஈராஸ் விசாரிக்கும். ஆங்கிலத்தைத் திருத்த நண்பரிடம் கொடுக்கலாம், ஆனால் அவர் திருத்திய வாக்கியம் உங்கள் வாயில் வருமா என்று சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

ஃபேமிலி மெடிசினுக்கும் சேர்த்து விண்ணப்பித்தால் அதற்குத் தனி ஸ்டேட்மென்ட். எந்த புரோகிராமுக்கு எதை ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று அனுப்பும் முன் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஸ்டேட்மென்டுக்கு ஈராஸில் வைக்கும் தலைப்பு உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் குழம்பாதபடி துறையின் பெயரையே தலைப்பாக வைத்துவிடுங்கள்.